புல்தரையில் வளர்ந்த வீரர்

இந்தியத் தொழில்முறை கோல்ஃப் ஆட்டத்தின் வரலாற்றில், அந்த ஆட்டத்தை ஆடுவதற்கு வசதி படைத்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இணையாக, அந்த ஆட்டம் நடக்கும் மைதானத்தில் கூலிக்கு உழைத்த குடும்பங்களில் பிறந்தவர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தியாகும். 1978ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்த சிவசங்கர் பிரசாத் சௌராசியா, அவ்வாறு வந்தவர்களுள் தலைசிறந்தவர். அவருடைய தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் சங்கத்தின் மைதானத்தில் புல்தரையைப் பராமரிக்கும் பணியாளராக இருந்தார். 1829இல் தொடங்கப்பட்ட அச்சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழமையான கோல்ஃப் சங்கம் என்ற பெருமைக்கு உரியது.

சௌராசியாவின் ஆட்டத்தை உணர்வதற்கு, விளையாட்டின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது உதவும். பல ஏக்கர் பரப்புள்ள புல்வெளியில் 18 குழிகள் ஒன்றிலிருந்து மற்றொன்று தொலைவாக அமைந்திருக்க, ஆட்டக்காரர் சிறு பந்து ஒன்றை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுசென்று அக்குழிகளில் வரிசையாக விழச்செய்ய வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுகிறார். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழிக்கு எத்தனை அடிகள் எடுத்துக்கொள்வார் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட கணக்குக்கு 'பார்' என்று பெயர். பெரிய போட்டிகள் நான்கு நாள்கள் நடைபெறுவதால் வெற்றியாளர் 72 குழிகளைக் கடந்தாக வேண்டும். குழியின் விட்டமோ நாலேகால் அங்குலம்தான். தொலைவிலிருந்து ஓங்கி அடிப்பதற்கு உடல் வலிமை வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், குழியைச் சுற்றி ஒட்ட நறுக்கப்பட்டிருக்கும் 'கிரீன்' எனப்படும் புல்தரைக்கு அருகே பந்து வந்த பிறகு, வலிமைக்கு அங்கே வேலை இல்லாமற் போகிறது. தரையின் சரிவு எந்தப் பக்கம், புல்லின் முனை எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, காலைப் பனியின் ஈரம் பந்தை எவ்வளவு தாமதப்படுத்தும் என்பவற்றையெல்லாம் கண்ணாலும் காலாலும் கணிக்கத் தெரிந்தவரே அங்கே பிழைக்கிறார்.

இக்கணிப்பு, திருச்சி மாவட்டத்தின் உப்பிலியபுரத்து உழவர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட அப்பகுதியின் வயல் வரப்புகளில் களையென்று கொத்தி எறியப்படுவதும், பிள்ளையாருக்கு மாலையாகச் சூட்டப்படுவதுமான அருகம்புல்லின் இனமே, வெப்ப நாடுகளின் பல கோல்ஃப் மைதானங்களில் தரைவிரிப்பாக வளர்க்கப்படுகிறது. குழியைச் சுற்றிய பகுதியில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் வளரவிடாமல் அது அன்றாடம் வெட்டப்படுகிறது. வெட்டிய திசைக்கும் புல் படுத்திருக்கும் திசைக்கும் ஏற்ப, அதன்மீது உருளும் பந்தின் வேகமும் போக்கும் மாறுகின்றன. அத்தகைய தரையைப் பேணிக் காத்தவரின் மகனாக, மைதானத்தை ஒட்டியே வளர்ந்த சௌராசியா, சங்க உறுப்பினர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றார். அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்லும் 'கேடி' என்னும் வேலையையும் செய்தார். பயிற்றுநரிடம் பணம் கட்டிக் கற்கும் வாய்ப்பு இல்லாத அச்சிறுவனுக்கு, மைதானமே பள்ளிக்கூடமாக அமைந்தது. பிற்காலத்தில், குழிக்கு அருகிலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப் போடும் 'சிப்' என்ற அடியிலும், தரையோடு உருட்டிவிடும் 'பட்' என்ற அடியிலும் அவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்டு, சக வீரர்கள் அவ்விரு சொற்களையும் அவர் பெயரோடு சேர்த்து 'சிப்பட்சியா' என்று அழைத்தார்கள். நெடுந்தொலைவு அடிக்கும் வீரர் என்று அவர் ஒருபோதும் பெயர் எடுத்ததில்லை.

1997இல் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய அவருக்கு வெற்றி எளிதில் கைகூடவில்லை. நாட்டின் முதன்மைப் போட்டியான இந்திய ஓப்பனில் 1999இல் இரண்டாம் இடம், 2006இலும் இரண்டாம் இடம் என்று அவர் கோப்பைக்கு அருகில் சென்று சென்று திரும்பினார். இதற்கிடையே 2008 பிப்ரவரியில், ஐரோப்பியச் சுற்று என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரைச் சேர்ந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டி டெல்லி கோல்ஃப் சங்கத்தின் மைதானத்தில் நடந்தது. பல நாட்டு வீரர்கள் கலந்துகொண்ட அப்போட்டியில், இந்தியாவுக்கு வெளியே பலரும் கேள்விப்பட்டிராத சௌராசியா வென்றார். இருபுறமும் புதர் அடர்ந்து குறுகலாகச் செல்லும் அந்த மைதானத்தில், வலிமையை நம்பி ஓங்கி அடித்த பந்துகள் புதருக்குள் மறைந்துபோக, அளந்து அடித்த பந்துகளே பாதையில் நின்றன. 2011இல் அவந்தா மாஸ்டர்ஸ் போட்டியிலும் அவர் வெற்றி பெற்றார். இந்திய ஓப்பன் மட்டும் பிடிபடாமலே இருந்தது. 2013இல் வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மானுக்கு அடுத்த நிலையில் நின்றார்; 2015இல் கடைசி நாளை முன்னிலையில் தொடங்கியும், சமநிலை முறிப்பு ஆட்டத்தில் சக இந்திய வீரர் அனிர்பான் லாஹிரியிடம் தோற்றார்.

இதே ஆட்டத்தில் கொரியா அடைந்த வளர்ச்சியை இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமானது. வாண்டோ தீவில் நெல் விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்து, இளமையில் பளுதூக்கும் வீரராக இருந்த சோய் கியுங்-ஜு, 2002இல் அமெரிக்க ஆடவர் தொழில்முறைச் சுற்றில் வென்ற முதல் கொரியர் ஆனார்; 54 வயதில், 2024இல், மூத்தோருக்கான பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். பெண்கள் பிரிவில் பாக் சே-ரி 1998இல் அமெரிக்க ஓப்பனை வென்றபோது, கொரியா கடும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்தது. நீர்நிலை ஓரத்தில் கிடந்த பந்தை அடிப்பதற்காக அவர் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்ற காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட சிறுமிகள் பலர் மட்டையை எடுத்தார்கள். அன்று பத்து வயதுகூட நிரம்பாதிருந்த பாக் இன்-பி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஒரே ஒரு வெற்றி ஒரு தலைமுறையையே மைதானத்துக்கு அழைத்து வந்தது.

சௌராசியாவின் 2008 வெற்றி அவ்வாறு ஒரு தலைமுறையை உருவாக்கவில்லை; அதற்கான காரணத்தை ஆர்வக்குறைவில் தேடுவது நியாயமாகாது. தமிழ்நாட்டையே எடுத்துக்கொண்டாலும், கிண்டி, நந்தனம், உதகை, கொடைக்கானல் ஆகிய இடங்களின் மைதானங்கள் சங்கங்களைச் சார்ந்தவையாகவே இருந்துவந்தன. கிராமத்துச் சிறுவர் உள்ளே காலடி வைப்பதற்கு, பெரும்பாலும் வேலைக்காரராகச் செல்வதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. அந்த ஒற்றை வழியிலேயே வந்தவர்கள் சாதித்தது வியப்புக்குரியது. டெல்லியில் கேடியாக வாழ்க்கையைத் தொடங்கிய அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பனை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக அதை வென்ற முதல் இந்தியர் அவரே. பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா, 2009இல் கொரிய வீரர் ஒருவரைச் சமநிலை முறிப்பில் வீழ்த்தி அதே கோப்பையைப் பெற்றார். ஊதியத்துக்காகப் பை சுமந்தவர்களிடமிருந்தே இத்தனை வெற்றிகள் கிடைத்திருக்கும்போது, மைதானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தால் என்னவெல்லாம் கிடைத்திருக்கும் என்ற எண்ணம் உள்ளத்தை வருத்தவே செய்கிறது.

சௌராசியாவுக்கு 2016 மார்ச்சில், அதே டெல்லி மைதானத்தில், காத்திருந்த நாள் வந்தது. பாருக்கு 15 அடிகள் குறைவாக ஆடிய அவர், முந்தைய ஆண்டு தம்மை வென்ற லாஹிரியையும் கொரியாவின் வாங் ஜியுங்-ஹுனையும் இரண்டு அடிகளில் பின்தள்ளி, நான்கு முறை கைநழுவிய இந்திய ஓப்பனைத் தமதாக்கிக்கொண்டார். அவ்வாண்டே ரியோ ஒலிம்பிக்கில் நாட்டின் சார்பில் ஆடினார். மறு ஆண்டு போட்டி குருகிராமின் டிஎல்எஃப் மைதானத்துக்கு மாறியது. தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயர் வடிவமைத்த அந்தக் கடினமான மைதானத்தில், குழியைச் சுற்றிய தரைகள் மேடும் பள்ளமுமாக இருந்ததால், பெயர்பெற்ற வெளிநாட்டு வீரர்கள் பலர் பந்தை நிறுத்த இடம் தெரியாமல் அடிகளை இழந்தார்கள். இரண்டாம் இடம் பெற்ற மலேசியாவின் கேவின் கிரீன் பாருக்கு மூன்று அடிகள் குறைவாக முடித்தார். புல்தரைப் பணியாளரின் மகனோ, அவரைவிட ஏழு அடிகள் முன்னே, பாருக்குப் பத்து அடிகள் குறைவாக முடித்துக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டார்.