தாய் மீது சத்தியமும் தண்டிக்கும் உரிமையும்

ஸ்பெயினின் அல்மெரியா வறண்ட நிலத்தில் இத்தாலியர்கள் சிக்கனமாக எடுத்த கௌபாய் படங்களின் நாயகன் பெரும்பாலும் காசுக்குச் சுடுபவன். செர்ஜியோ லியோனி 1964இல் உலகறியச் செய்த இந்த வகையில் அவனுக்கு ஊர், உறவு, தெய்வம் எதுவும் கிடையாது. அவனை நல்லவன் என்று படமும் சொல்வதில்லை.

தமிழில் கர்ணன் இயக்க, ஜெய்சங்கர் நடித்த கௌபாய் படங்களான 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் 1972இல் வந்தன. கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவரின் நிறுவனம் 1978இல் ரஜினிகாந்தை வைத்து 'தாய் மீது சத்தியம்' எடுத்தது. எந்த ஊர், எந்தக் காலம், போலீஸ் எங்கே போனது என்பதெல்லாம் இத்தகைய படங்களில் விளங்காது. சிரித்துவிட்டுப் போகலாம், அது பட்ஜெட்டின் குறை. அறத்தின் குறை வேறு. காசுக்குச் சுட்டவன் நின்ற இடத்தில் சத்தியம் செய்த மகன் வந்து நிற்கிறான். தாயின் பெயரைச் சொன்னதுமே கொலை கடமையாகிவிடுகிறது. தண்டிக்கும் உரிமையை அவனுக்குக் கொடுத்தது யார் என்று படம் கேட்பதே இல்லை.

தமிழ் மரபு இதைக் கேட்டிருக்கிறது. கொடியவரைக் கொல்லும் பொறுப்பைத் திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் அரசனிடம் வைக்கிறது. அரசனே தவறினால்? சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரிக்கிறாள். அப்போதும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள். பிறகு மதுராபதித் தெய்வம் வந்து, அவள் கணவன் கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனின் சாவுக்குக் காரணமாக இருந்த கதையைச் சொல்கிறது. பழிக்குப் பின்னால் இன்னொரு பழி. கணக்கு அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

வால்பாறை மலைக்குக் கீழே, ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் வேறொரு வழி இருக்கிறது. அம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். களவு கொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் அங்குள்ள ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். கை எரிய அரைப்பவரின் கோபம் சினிமா நாயகனின் கோபத்துக்கு இளைத்ததில்லை. ஆனால் குற்றவாளி யார், தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்வது அம்மன். துப்பாக்கிக்காரனுக்கு வராத சந்தேகத்துக்கும் இங்கே இடமுண்டு: தான் நினைத்த ஆள் தவறாகவும் இருக்கலாம்.

சின்னப்பா தேவரோ முருக பக்தர். மருதமலைக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர். அந்த முருகனின் வேல் சூரனைப் பிளந்தது. பிளந்த பாதிகள் மயிலாகவும் சேவலாகவும் மாற, ஒன்றை வாகனமாகவும் மற்றதைக் கொடியாகவும் முருகன் ஏற்றுக்கொண்டதாகப் புராணம் சொல்கிறது. அப்படியொரு மறுவாழ்வு கௌபாய் படத்து வில்லனுக்குக் கிடைப்பதில்லை.