பிள்ளைகளின் திருநாளும் பெற்றோரின் கடனும்

அய்யா துணை

ஆண்டுதோறும் மாசி 20 அன்று திருச்செந்தூர் அவதாரப்பதியில் அன்புக்கொடி மக்கள் கூடுகிறார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அன்று உள்ளூர் விடுமுறை. கொல்லம் ஆண்டு 1008, அதாவது 1833-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அய்யா வைகுண்டர் அந்தக் கடலிலிருந்து அவதரித்த நாள் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று மகிழ்ச்சி. விடியுமுன் கடலில் பதமிடலாம், தலைப்பாகை கட்டிக்கொண்டு பெரியவர்களோடு நடக்கலாம், பந்தியில் உட்கார்ந்து அன்னம் உண்ணலாம். இதற்கெல்லாம் பேருந்துக் கட்டணம் தவிரப் பெரிய செலவு ஏதும் இல்லை.

அதே பிள்ளைக்கு ஐப்பசியில் தீபாவளி வருகிறது. சித்திரையில் கோடை விடுமுறை வருகிறது. அப்போது வீட்டில் பேச்சு வேறாகிவிடுகிறது. துணி, பட்டாசு, பலகாரம், சுற்றுலா, செல்போன் என்று பட்டியல் நீள்கிறது. கையில் பணம் இல்லாதவர் நகையை அடகு வைக்கிறார். நகையும் இல்லாதவர் வாரத் தவணைக் கடன் வாங்குகிறார். அதுவும் கிடைக்காதவர் வட்டிக்காரரிடம் போகிறார். பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும். பிள்ளையை மகிழ்விப்பது பெற்றோரின் கடமை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடமைக்காகக் கடன்படுவது தர்மமா?

வெறுங்கையான காலத்தில் வரும் பண்டிகை

தூத்துக்குடிச் சீமையில் இந்தக் கேள்விக்குத் தனி வலி உண்டு. முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடைப் பகுதிகளின் உப்பளங்களில் தை, மாசியில் தொடங்கும் வேலை புரட்டாசி வரை ஓடும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். தீபாவளி வருவதும் அந்த ஐப்பசியில்தான். வேலை நின்ற மாதத்தில் செலவு வந்து வாசலில் நிற்கிறது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு அண்மை ஆண்டுகளில் 5,000 ரூபாய் வழங்குகிறது. மூன்று மாதம் அடுப்பெரிய வேண்டிய அந்தத் தொகை, மனம் வைத்தால் ஒரே மாலையில் புகையாகிவிடும்.

கடல் தொழிலும் இப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் வீட்டில் இருப்பதும் அதே நாட்களில்தான். ஜூன் பிறந்தால் புத்தகம், சீருடை, கட்டணம். தகப்பனாரின் வலை கரையில் காயும்போதுதான் பிள்ளை ஊர் சுற்றக் கேட்கிறது.

வரவு நிலையில்லாதது என்பதை இந்தக் கரை முன்பே அறியும். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் அன்று. சிப்பி விளைந்த ஆண்டில் ஊரே திரண்டு களைகட்டும். விளையாத ஆண்டுகள் தொடர்ந்து பல கடந்து போகும். 1955 முதல் நடந்த குளிப்பு 1961-இல் முடிந்தது. வரப்போகும் முத்தை நம்பிச் செலவு செய்தவன் என்ன ஆவான் என்பதை இக்கரை மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எளிமை என்பது தாழ்வா?

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. "இத்தனை தலைமுறை நல்ல துணி உடுத்தாமல் இருந்தோம். என் பிள்ளையாவது ராசா மாதிரி உடுத்தட்டுமே. இல்லாதவனிடம் வந்து எளிமையாக இரு என்றால் எப்படி?" என்று ஒரு தகப்பனார் கேட்டால், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அய்யா வாழ்ந்த திருவிதாங்கூர்ச் சீமையில் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. சாணார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்ததே 1859-இல், நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான். அந்த வழியில் வந்தவர்களுக்குப் புதுத்துணி வெறும் துணியன்று, மானம்.

ஆனால் அந்த மானத்தை அய்யா எதைக் கொண்டு மீட்டார் என்பதைச் சிந்திக்க வேண்டும். தலை குனிந்து நின்றவர்களைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொன்னார். அதற்குப் பட்டு வேண்டும், சரிகை வேண்டும் என்று சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டே போதும். அது தலைக்கு ஏறியதும் மனிதன் நிமிர்ந்தான். நெற்றிக்கு வெள்ளைமண் நாமம், வழிபாட்டுக்கு ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, குளிக்கவும் குடிக்கவும் எல்லோருக்கும் பொதுவான முத்திரிக்கிணறு. காணிக்கையும் பலியும் வேண்டாம் என்று விலக்கினார். கடவுளின் சன்னிதியிலேயே பணத்தால் உயர்வு தாழ்வு வரக் கூடாது என்றால், பிள்ளையின் திருநாளில் மட்டும் அது ஏன் வர வேண்டும்?

வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்ததை அன்பர்கள் அறிவார்கள். பச்சரிசியும் சிறுபயறும் உணவு. துவைத்த துணியே உடை. குடும்பம் குடும்பமாக அங்கே இருந்தார்கள். அந்த மக்களிடம் ஆடம்பரம் இல்லை, ஆனால் தாழ்வும் இல்லை. துணி புதிதாக இருப்பதைக் காட்டிலும் சுத்தமாக இருப்பதுதான் மானம் என்று ஊருக்குக் காட்டியது அந்தத் தவசு.

அடுத்த வீட்டுப் பிள்ளை

கடன் வாங்காமலே செலவு செய்ய முடிந்தவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. "என் பணம், என் பிள்ளை" என்று சொல்லலாம். ஆனால் ஒரு தெருவில் ஒரு வீட்டில் பத்தாயிரம் ரூபாய்க்கு வெடி வெடித்தால், அடுத்த வீட்டுப் பிள்ளை திண்ணையில் நின்று பார்க்கிறது. அதன் முகத்தைப் பார்த்த தாய் தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறாள். ஒரு வீட்டின் ஆடம்பரம் இப்படித்தான் அடுத்த வீட்டின் கடனாகிறது. இதைப் பாவம் என்று யாரும் எண்ணுவதில்லை. கலிமாயையின் வேலையே அதுதான். சாதியின் பேரால் மனிதரை மேல் கீழ் என்று அடுக்கியதை அய்யா உடைத்தார். துணியின் விலையாலும் வெடியின் சத்தத்தாலும் பிள்ளைகளை மேல் கீழ் என்று அடுக்கினால், உடைத்த சுவரை மீண்டும் கட்டுவதுதான்.

இது பதிகளுக்கும் நிழல் தாங்கல்களுக்கும் பொருந்தும். திருநாள் என்றால் தலைக்கட்டு வரி, அலங்கார விளக்கு, ஒலிபெருக்கி, விளம்பரப் பலகை என்று செலவு ஏறிக்கொண்டே போகும் ஊர்கள் உண்டு. வரிச்சுமையால் நொந்த மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் பேரால், வேலையில்லாத மாதத்தில் வரி எழுதலாமா? இயன்றவர் இயன்றதைத் தரட்டும். இயலாதவர் பணிவிடையில் கை கொடுக்கட்டும். விளக்கு இரண்டு குறைந்தாலும் பந்தியில் இலை குறையாதிருந்தால் அதுவே திருநாள்.

பிள்ளைக்கு வேண்டியது

பிள்ளைகள் பெரியவர்கள் நினைப்பதைவிட விவரமானவர்கள். பொய் சொல்லி ஏமாற்றினால்தான் அழுவார்கள். "மக்கா, இந்த வருசம் அப்பா கையில இவ்வளவுதான் இருக்கு. இதுக்குள்ள என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்று முதலிலேயே சொன்னால், எட்டு வயதுப் பிள்ளையும் கணக்குப் போடும். தான் போட்ட கணக்கை அது மீறாது. தொகையை முதலில் முடிவு செய்து, கடைக்குப் பிறகு போவது எந்த வீட்டுக்கும் ஆகும் வழி. தொகை போதாவிட்டால் பட்டியலைக் குறைக்கலாம், கடன் வாங்கிக் கூட்டக் கூடாது.

அடுத்தது, பிள்ளைக்கு ஒரு வேலை கொடுப்பது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்குத்தான் பொருள் வேண்டும். வேலை செய்யும் பிள்ளைக்கு அந்த வேலையே கொண்டாட்டம். தாங்கலில் விளக்குத் துடைப்பது, பந்தியில் தண்ணீர் வைப்பது, இனிமம் பகிர்வது எல்லாம் பிள்ளைக்குப் பெருமை. கார்த்திகையில் பனங்குருத்து வாங்கி ஓலைக்கொழுக்கட்டைக்கு மாவு திணிக்கச் சொன்னால் வீடே சிரிக்கும். கோடையில் நுங்கு தின்ற கூந்தலில் வண்டி செய்து ஓட்டலாம், ஓலையில் காற்றாடி செய்யலாம். பனையுள்ள சீமைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் மரத்திலேயே காய்க்கிறது. ஒரு நாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய், அவதாரப்பதியில் உச்சிப்படிப்பு கேட்டு, கடலில் கால் நனைத்து வந்தால் அதுவே சுற்றுலா. நோயுற்ற மகனைச் சுமந்துகொண்டு வெயிலாள் அம்மையும் உறவினரும் அந்தக் கரைக்கு நடந்துதான் வந்தார்கள் என்ற வரலாற்றை அங்கே உட்கார்ந்து சொன்னால், பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

வீட்டுத் தாயின் நிலையையும் பார்க்க வேண்டும். ஏழு வகைப் பலகாரம் செய்யும் அவசரத்தில் விடியுமுன் எழுந்து, அடுப்படியில் வெந்து, மாலையில் பிள்ளையை அடிக்கும் தாய் எத்தனை பேர்! பலகாரம் ஒன்றாகக் குறையட்டும். ஆண்கள் தேங்காய் துருவட்டும். தாயின் முகம் தெளிவாக இருப்பதைவிடப் பிள்ளைக்குப் பெரிய பட்சணம் இல்லை.

கடைசியாக, பிள்ளையின் கையால் ஒரு தர்மம். தீபாவளியானாலும் பொங்கலானாலும், செலவுத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, இல்லாத ஒருவருக்கு அரிசியோ துணியோ பிள்ளையே கொடுக்கட்டும். சிறு தொகையானாலும் போதும். வாங்கும் கை மட்டுமாக வளர்ந்த பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தாலும் நிறையாது. கொடுத்துப் பழகிய பிள்ளை, தனக்கு இருப்பது போதும் என்பதைத் தானே கண்டுகொள்ளும்.

பதியில் கண்ணாடிமுன் நிற்கும் பிள்ளை அங்கே காண்பது தன் முகத்தைத்தான். சட்டையின் விலை அந்தக் கண்ணாடியில் தெரிவதில்லை. அந்த முகத்துக்குள் இருப்பவரை அறிந்து வளரும் பிள்ளை திருநாளைக் கடையில் தேடாது. பெற்றோரும் அதற்காகக் கடன்காரர் வாசலில் நிற்க மாட்டார்கள்.

அய்யா உண்டு.