ராசாவிலிருந்து ஆற்றோடு

மார்ச் 18, 2020. ராசா.

சாலையில் வண்டிச் சத்தம் இல்லை. தண்டவாளம் வெயிலில் கிடக்கிறது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று வானொலி சொல்கிறது. நாக்குக்கு இன்னும் பழகாத சொல்.

சின்னவனின் பை கதவோரம் இருக்கிறது. சனவரியில்தான் முதலாம் ஆண்டு. பைக்குள் புதுப் புத்தக வாசம் போகவில்லை.

*

சமையல் மேசையைத் துடைக்கிறேன். ஒரு முனையில் வெங்காயம். மறுமுனையில் நான்காம் ஆண்டுக் கணிதம்.

பெரியவள் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுகிறாள். ஓய்வு நேரத்துக்கு மட்டும் சிவப்பு மை.

*

டீச்சரின் பாடம் காலை எட்டுக்கு வாட்சாப்பில் வருகிறது. அப்போது கைப்பேசி கணவரோடு லோரியில் இருக்கிறது.

தோட்ட வேலை நிற்கவில்லை. வெட்டிய செம்பனைக் குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். அவர் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார்.

எங்கள் காலை வகுப்பு இரவில் நடக்கிறது. கைப்பேசித் திரையில் எண்ணெய் விரல் ரேகை. அதைத் துடைத்தபின் எழுத்து தெரிகிறது.

*

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டிலேயே கற்பிக்க அமைச்சரின் விலக்கு வேண்டும்.

இந்த ஆண்டு அமைச்சே வீட்டில் இருக்கச் சொல்கிறது. சட்டமும் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறட்டும்.

*

'அ' எழுதுகிறான். சுழி உள்ளே போகிறது. வெளியே வர மறுக்கிறது.

பென்சிலை வைத்துவிட்டு மூச்சு விடுகிறான். நானும் விடுகிறேன்.

*

பக்கத்து வீட்டுப் பெண் ஆறாம் ஆண்டு. ஏப்ரலில் யுபிஎஸ்ஆர் தேர்வு இல்லையென்று ஆகிவிடுகிறது. இரண்டு வருடமாக அதற்கென்றே படித்தவள். வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாள்.

சந்தோஷமா, வருத்தமா? முகத்தில் ஒன்றும் இல்லை.

*

ஜூன். குத்தகை முடிகிறது. வேலையோடு வந்த வீடு வேலையோடு போகிறது. தோட்டத்தில் இதற்கு யாரும் குரல் உயர்த்துவதில்லை.

பெரியவள் அட்டவணையை நகத்தால் உரிக்கிறாள். சுண்ணாம்பும் சேர்ந்து வருகிறது.

*

மைலோ பெட்டியில் புத்தகங்கள். துணி சுற்றிய விளக்கு அதன்மேல். லோரித் தட்டு முழுக்கக் குலைகளின் பிசுக்கு. பெட்டிக்கு அடியில் அவர் சாக்கு விரிக்கிறார்.

*

புக்கிட் செந்தோசா. நாத்தனார் வீடு. ஒரு அறையில் எல்லோரும்.

மாமியார் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தோட்டப் பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள், ஏழிலிருந்து பதினான்குக்குள், பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பல இடங்களில் குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையே பள்ளி. கிராணியோ கங்காணியோ வாத்தியார்.

"ஒம்பது பேருதான் இருந்தா?" பெரியவள் கேட்கிறாள்.

மாமியார் வெற்றிலை நரம்பைக் கிள்ளுகிறார்.

*

பெருக்கல் கணக்கு மாமியார் போடும் விதம் வேறு. ரப்பர் பால் நிறுத்த காலத்துக் கணக்கு. விரல் கணுக்களின் மேல் கட்டைவிரல் நடக்கிறது. உதடு அசைகிறது. விடை வந்துவிடுகிறது.

புத்தகத்தின் வழியில் போட்டாலும் அதே விடைதான்.

இரண்டாம் நாள் சரிபார்ப்பதை விட்டுவிடுகிறேன்.

*

இரவு. பிளாட்டின் மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். நிறுத்துகிறார்கள். இழுக்கிறார்கள்.

*

ஜூலை 22. ஒன்றிலிருந்து நான்காம் ஆண்டு வரை பள்ளி திறக்கிறது.

பள்ளி ராசாவில். நாங்கள் இப்போது பெஸ்தாரி ஜெயாவில், புதுக் குத்தகையில். பள்ளி மாற்றப் பாரம் எடுக்கலாம். எந்தப் பள்ளிக்கு? இந்தக் குத்தகை எத்தனை மாதம் என்று கணவருக்கே தெரியாது.

பாடத்தாளைத் தொடர்ந்து அனுப்ப டீச்சர் ஒப்புக்கொள்கிறார். குரலில் களைப்பு. பின்னால் அவர் வீட்டுக் குழந்தை அழுகிறது.

*

புது வீட்டில் மேசை இல்லை. தரை சில்லென்று இருக்கிறது. மூவரும் குப்புறப் படுத்து எழுதுகிறோம். எழுத்து சரிகிறது. சரியட்டும்.

*

லோரி போகிற பக்கம் தென்னமரம் தோட்டம். இந்த நாட்டில் செம்பனையை வணிகத்துக்கென்று முதலில் நட்ட இடம். 1917. நட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930ல் கொன்கூர் பரிசு வாங்கியவர்.

செம்பனைக்குப் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வருகின்றன. அங்கிருந்து சுமத்ரா. அங்கிருந்து சிலாங்கூர்.

பெரியவள் உலகப்படத்தில் பென்சிலால் இழுக்கிறாள். கோடு கடலைத் தாண்டி, தீவைத் தாண்டி வருகிறது. கடைசிப் புள்ளி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது.

அதே படத்தில் இன்னொரு கோடு. சேலம், நாகப்பட்டினம், பினாங்கு, ராசா. யாரும் சொல்லாமல் இழுக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

*

செம்பனைக் காட்டில் கம்பத்தின் மேல் மரப்பெட்டிகள். எலி பிடிக்கத் தோட்டங்கள் வளர்க்கும் கூகைகளுக்கு வீடு. சின்னவன் எண்ணுகிறான். பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று.

இரவில் கீறல் குரல் கேட்கிறது. போர்வைக்குள் எண்ணிக்கை மறுபடி தொடங்குகிறது.

*

மேரி. நைகல் கார்ட்னர். சுங்கை திங்கி. புக்கிட் தாகார். மின்யாக். இந்தப் பக்கத்து ஐந்து தோட்டங்கள். முன்னாள் தொழிலாளர்கள் நெடுங்காலமாக வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். செய்தித்தாளில் அவ்வப்போது பெயர் வருகிறது.

பெரியவள் பெயர்களை ஏட்டில் எழுதுகிறாள். எதற்கு என்று தெரியவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது.

*

1957ல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இப்போது 500க்குச் சற்று மேல். சில மூடியவை, சில ஒன்றாய்ச் சேர்ந்தவை. சில தாமான் குடியிருப்புகளுக்கு இடம் பெயர்ந்தவை. தோட்டம் போனபின்னும் பலகையில் தோட்டப் பெயர் நிற்கிறது.



*

மழை. மின்சாரம் போகிறது. பாடமும் போகிறது. தவளை.

*

இன்று ஆற்றுப் பாடம்.

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கம் பிறக்கிறது. கோலகுபு பாரு, ராசாப் பக்கம், பெஸ்தாரி ஜெயா, பிறகு கோலசிலாங்கூரில் கடல். ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நீலப் பென்சில் தேய்கிறது.

மேலே பழைய கோலகுபு. 1883ல் அணை உடைந்து ஊரை வாரிக்கொண்டு போனது. வெள்ளைக்கார அதிகாரி செசில் ராங்கிங் அதில் இறந்தார். வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த வினை என்று கதை. மிஞ்சிய ஊரையும் வெள்ளம் விடவில்லை. ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றை மேடாக்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஊரையே தூக்கி மேட்டில் வைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் அது கோலகுபு பாரு.

"ஊரு எப்படிம்மா வீடு மாறும்?"

சின்னவன் கேட்கிறான். மைலோ பெட்டியைப் பார்க்கிறான். எத்தனை பெட்டி வேண்டும் என்ற யோசனை முகத்தில்.

வெள்ளை முதலையை வரைகிறான். வெள்ளைத் தாளில் வெள்ளை முதலை. வெளிக்கோடு மட்டும்.

*

அக்டோபர் தொடக்கம். மறுபடி சாக்கு, மறுபடி பெட்டி. ஆற்றின் போக்கிலேயே போகிறோம். திட்டமிட்டுப் போகவில்லை. ஆலைகள் அப்படி இருக்கின்றன.

கோலசிலாங்கூர். காற்றில் உப்பு. சட்டை காயப் பிந்துகிறது.

*

அக்டோபர் 14. சிலாங்கூரில் பள்ளிகள் மறுபடி மூடல். மாவட்டம் விட்டு மாவட்டம் போகக் கூடாது. ராசா உலுசிலாங்கூர் மாவட்டம்.

சின்னவனின் வாசிப்புப் புத்தகம் நாத்தனார் வீட்டு அலமாரியில். அது இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம்.

*

கையில் கிடைப்பதை வாசிக்கிறோம். அரிசி மூட்டை. மருந்துச் சீட்டு. சுவரில் கிழிக்கும் நாள்காட்டி.

அவன் தானாகவே எழுத்துக்கூட்டி வாசித்த முதல் நீளச் சொல், எமகண்டம்.

ஓடிவந்து சொல்கிறான். முகமெல்லாம் பல். அர்த்தம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

*

புக்கிட் மலாவத்தி. 1784ல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை. பீரங்கிகள் கடலைப் பார்க்கின்றன. 1907ல் கட்டிய கலங்கரை விளக்கம். இதெல்லாம் பெரியவளின் ஏட்டில் இரண்டு வரி.

கருங்குரங்குகளின் குட்டி ஆரஞ்சு நிறம். அதற்கு ஒரு முழுப் பக்கம்.

*

கம்போங் குவாந்தான். படகு ஓடவில்லை. கரையில் நிற்கிறோம்.

பெரம்பாங் மரங்களில் மின்மினி. ஆண் பூச்சிகள் ஒன்றாக மின்னுகின்றன. ஒன்றாக அணைகின்றன.

புழுவாக இருக்கும்போது மரத்தில் இல்லை. கரைக்கு உள்ளே ஈர மண்ணில், நத்தை தின்று வளர்கின்றன. வளர்ந்தபின் ஆற்றோர மரம்.

அதிகம் பேச வேண்டாம் என்று தோன்றுகிறது. கொசு கடிக்கிறது. பெரியவள் காலைச் சொறிகிறாள்.

மின்னுகிறது.

*

டிசம்பர் 7. கட்டுப்பாடு தளர்கிறது. ஈஜோக் பக்கம் வேலை. அறை சிறியது. ஜன்னல் பெரியது.

பெரியவள் இப்போதெல்லாம் சுவரில் எதையும் ஒட்டுவதில்லை. அட்டவணை ஏட்டின் பின்னட்டையில் இருக்கிறது.

*

சனவரி 13, 2021. மறுபடி அடைப்பு. 20ஆம் தேதி புதுப் பள்ளியாண்டு, வீட்டிலேயே. சின்னவன் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டு எங்கே முடிந்தது? எந்த வீட்டில்?

*

பொங்கல். வாசலில் கோலம் போட இடம் இல்லை. குளியலறைக்கு முன்னால் சின்னதாக ஒன்று. புள்ளி வைப்பதைப் பெரியவள் கணக்காக எண்ணுகிறாள். ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடித்து.

*

பிப்ரவரி 17. டிடிக் டிவி தொடங்குகிறது. நாள் முழுக்கப் பாடம். வீட்டுக்காரரிடம் தொலைக்காட்சி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம். யாருக்கோ அறிவியல் நடக்கிறது. சொல் கேட்கவில்லை, தொனி மட்டும்.

*

பள்ளி திறக்கும் அறிவிப்பு வருகிறது. மார்ச் 1 ஒன்றாம், இரண்டாம் ஆண்டுகளுக்கு. மார்ச் 8 மற்ற ஆண்டுகளுக்கு.

இந்த முறை மாற்றப் பாரம் வாங்கியாகிவிட்டது. வீட்டு முகவரிக்கு மின்கட்டண ரசீது கேட்கிறார்கள். ரசீதில் வீட்டுக்காரர் பெயர். அவர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். நாளை வரச் சொல்கிறார்.

சின்னவனின் சப்பாத்து விரலைக் கடிக்கிறது. புதிது வாங்க வேண்டும்.

*

இடையில் அந்த ஒரு வாரம் பெரியவளுக்கு மட்டும் பாடம். பின்னங்கள் பாதியில் நிற்கின்றன. பகுதி ஒன்றானால் வேகமாகக் கூட்டிவிடுகிறாள். பகுதி வேறானால் பென்சில் நின்றுவிடுகிறது. திங்கட்கிழமை, தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததும், அங்கிருந்து தொடங்க வேண்டும்.