இயல்பு எங்கே இருக்கிறது?

ஒருவனின் குணம் அவனுக்குள்ளே இருக்கிறதா, அவன் நிற்கும் நிலையில் இருக்கிறதா என்பது பழைய கேள்வி. ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள கனவயன் ஆய்வுகூடத்தில் அது சடப்பொருள் பற்றிய கேள்வியாகவும் எழுந்திருக்கிறது.

அங்குள்ள சேமிப்பு வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 108 மீற்றர். காற்று அகற்றப்பட்ட அதன் குழாயினுள், காந்தங்களின் பிடியில், அணுக்கருக்கள் செக்கனுக்குச் சுமார் 20 இலட்சம் தடவை சுற்றுகின்றன. எல்லாவற்றின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டால், ஒரே மின்னேற்றமுடையவற்றுள் திணிவு கூடியது சற்றுப் பெரிய பாதையில் சென்று பிந்தி வரும். சுற்றும் மீடிறனைக் கொண்டு திணிவைக் கணிக்கிறார்கள். எஞ்சியவற்றையும் மாறியவற்றையும் எண்ணி ஆயுளை அறிகிறார்கள்.

இலத்திரன்கள் யாவும் உரிக்கப்பட்ட வெறுங்கருவை இவ்வளையத்தில் நீண்டநேரம் சுற்றவிடலாம். 1992இல் டிஸ்புரோசியம்-163 அவ்வாறு சோதிக்கப்பட்டது. சாதாரண அணுவாக அது சிதைவதேயில்லை. வெறுங்கருவாக அதன் அரைவாழ்வுக்காலம் 47 நாட்கள். 1996இல் ரேனியம்-187 சோதிக்கப்பட்டது. அணுவாக அதன் அரைவாழ்வு சுமார் 4,200 கோடி ஆண்டுகள்; வெறுங்கருவாக ஏறக்குறைய 33 ஆண்டுகள்.

கருவிலுள்ள நியூத்திரன் புரோத்தனாக மாறுகையில் ஓர் இலத்திரன் பிறக்கிறது. அதை வெளியே எறியும் சக்தி டிஸ்புரோசியத்துக்கு இல்லை; ரேனியத்துக்கு மிகச் சொற்பம். உள்ளேயுள்ள சுற்றுப்பாதைகளோ நிரம்பியிருக்கின்றன. உரித்தபின் அவ்விடங்கள் வெறுமையாகின்றன. பிறந்த இலத்திரன் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆக, டிஸ்புரோசியத்தின் உறுதியென நாம் எண்ணியது, விழுவதற்கு இடமில்லாதிருந்ததுதான். பொதுப்பணம் ஒருநாளும் கைக்கு வராதவரை நேர்மையாளர் என்கிறோம். பசியறியாதவரின் பொறுமையைப் புகழ்கிறோம்.

அப்படியானால் எல்லாம் சூழ்நிலைதானா? அதுவுமில்லை. ஈயம்-208இன் இலத்திரன்களை உரித்தாலும் அது அசைவதில்லை. பெரிலியம்-7 அணுவாக இருக்கையில் 53 நாள் அரைவாழ்வுடையது. தன் இலத்திரன் ஒன்றை விழுங்கியே அது லிதியமாகிறது. உரித்துவிட்டால் விழுங்க ஒன்றுமில்லை, சிதையாமல் நிலைத்துவிடுகிறது. ஒரே உரித்தல் ஒன்றை அழிக்கிறது, ஒன்றைக் காக்கிறது, இன்னொன்றை மாற்றாமலே விடுகிறது. உள்ளே ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நிலை மாறும்போதுதான் அது வெளிப்படுகிறது.

கருவுக்குத் தெரிவில்லை, மனிதனுக்கு உண்டு. விழ இடமிருந்தும் விழாமல் நிற்க அவனால் முடியும். அதனாலேயே அவனைப் பொறுப்பாளி என்கிறோம். ஆயினும் ரேனியத்தின் ஆயுளைக் குறிக்கும் பௌதிகவியலாளர், அது அணுவாக இருந்தபோதா, வெறுங்கருவாக இருந்தபோதா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. வீடும் தொழிலும் உறவும் இழந்து நிற்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்பெழுதும்போது, அந்த ஒரு வரியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.