பீலிக்கரையில் ஒரு நிமிடம்

கேள்வி: காலையில் பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுத்து, பின்னேரம் நிறுவை முடிந்து லயத்துக்கு வரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். பிறகு இராத்திரியில் அழுகிறேன். விடியற்காலையில் அரை மணி நேரம் தியானம் செய் என்கிறார்கள். நாலு மணிக்கே எழுந்து ரொட்டி சுடும் எனக்கு அது முடியுமா சாமி?

– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: முடியாதம்மா. முடியவில்லையே என்று மனம் நோகவும் வேண்டாம். அந்த அரை மணியைத் தூங்குங்கள். உங்கள் உடம்புக்கு இப்போது அதுதான் தேவை.

தியானத்தின் பாதி வேலை உங்கள் விரலுக்கு ஏற்கெனவே தெரியும். முற்றிய இலையை விட்டு, இரண்டு இலையும் ஒரு அரும்புமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறீர்களே, எதை எடுப்பது, எதை விடுவது என்று கண்ணும் கையும் சேர்ந்து தீர்மானிக்கும் அந்தக் கவனத்தைத்தான் ஞானிகள் மனத்துக்கும் கேட்கிறார்கள். வாய்க்கு வரும் சொல்லிலும் எடுப்பது உண்டு, விடுவது உண்டு.

வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தாமும் தறியில் உட்கார்ந்து பிழைத்தவர். அவர் வகுத்த அகத்தாய்வில் ‘சினம் தவிர்த்தல்’ தனிப் பயிற்சி. யார்மேல், எதற்காகக் கோபம் வருகிறது என்று முதலில் கண்டுகொள்ளச் சொல்வார். நீங்களும் பாருங்கள். உங்கள் கோபம் பிள்ளைகள்மேல் பிறந்ததா? நிறுவையில் கழித்த கிலோவிலும், அடகுக் கடை வட்டியிலும், வெறும் வயிற்றிலும் பிறந்து, வீட்டு வாசலில் சின்னவர்கள்மேல் இறங்குகிறது. இது தெரிந்தாலே பாதிச் சூடு தணியும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மலையிலிருந்து இறங்கியதும் நேரே காம்பராவுக்குள் போகாதீர்கள். பீலியில் கை கால் கழுவுங்கள். தண்ணீரின் குளிர் காலில் படுவதைக் கவனியுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக, பத்துத் தடவை வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் நெஞ்சின் படபடப்பு இறங்கும். இது உடம்பின் இயல்பு, நம்பிக்கை இல்லாதவருக்கும் பலிக்கும். பிள்ளையிடம் சொல்லப்போகும் முதல் சொல்லை அங்கேயே தேர்ந்தெடுங்கள். “சாப்பிட்டியாப்பா?” என்பது போதும். அதன் பிறகு உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள், நின்றுகொண்டு வேண்டாம். சில நாள் தவறும், கத்திவிடுவீர்கள். மறுநாளும் பீலி அங்கேதான் இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கிலோ கழிப்பதையும் கூலிக் குறைவையும் பொறுத்துக்கொள்ள இந்தப் பயிற்சியைச் சொல்லவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, தொழிலாளர் பல ஆண்டுகள் கேட்டும் போராடியும்தான். நியாயமான கோபத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே நிதானமாகப் பேசவும் இதே மூச்சு உதவும். அழுகை வாரக்கணக்கில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மூச்சைக் கவனிப்பது பௌத்தர்களின் வழி என்கிறார் என் மாமியார். முருகனைக் கும்பிடும் நாங்கள் செய்யலாமா?

– அதே வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம். திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் யோகத்துக்கே உரியது. மூச்சைப் பற்றி அங்கே விரிவாக உண்டு. புத்தர் சதிபட்டான சூத்திரத்தில் மூச்சோடு நடப்பதையும் உண்பதையும் குடிப்பதையும்கூடக் கவனிக்கச் சொன்னார். இரண்டு பேரும் காட்டுவது உங்கள் மூக்கில் ஓடும் அதே காற்றைத்தான். மாமியாரையும் பீலிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் ஊர் மலையையே பாருங்கள்: நமக்குச் சிவனொளிபாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம். டிசம்பர் போயாவோடு யாத்திரை தொடங்கும்போது நல்லத்தண்ணிப் பாதையில் பேச்சைக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் காலைக் கவனித்து ஏறிப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.