காணாமையும் இல்லாமையும்

இருட்டறையில் படத்தாளின் வெண்மையைச் சாம்பல் பூக்க வைக்கும் மூட்டம் பல நேரங்களில் அங்கே எரியும் மங்கலான வேலை விளக்கான சேஃப்லைட்டால் வருகிறது. அதைச் சோதிக்கப் புதிய தாளின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சில நிமிடம் கழித்துத் தாளை டெவலப்பரில் இடுவது வழக்கம். தாள் முழுதும் வெள்ளையாக வந்தால் விளக்கில் குறையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. ஓர் அளவுக்குக் கீழுள்ள ஒளியைத் தாள் வாங்கிக்கொண்டாலும் வெளியே காட்டாது. படத்தைத் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் ஒளியும் சேரும்போதுதான் மூட்டம் தெரியும்.

காணவில்லை என்பதால் ஒன்றை இல்லை என்று சொல்லலாமா? மீமாம்சை என்னும் இந்திய மெய்யியல் மரபைச் சேர்ந்த குமாரில பட்டர் இன்மையை அறிவதற்குக் காணாமையைத் தனி அளவையாகவே, அதாவது அறியும் வழியாகவே, ஏற்றார். அனுபலப்தி என்பது அதன் பெயர். அதற்கு அந்த மரபு விதித்த நிபந்தனைதான் உயிரானது: அப்பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சத்தில் தரையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டில் காணோம் என்பது எதையும் நிறுவாது. வெற்றுத்தாள் சோதனை இருட்டில் குடம் தேடுவதுதான்.

ஆகவே தாளுக்கு முதலில் என்லார்ஜரில் இளஞ்சாம்பல் வருமளவு ஒளி காட்டி, பிறகே நாணயத்தை வைத்துச் சேஃப்லைட்டின் கீழ் விட வேண்டும். இனி வரும் சிறு ஒளியும் பதிவாகும். ஏழு நிமிடம் வைத்தும் நாணயத்தின் வட்டம் தெரியவில்லை என்றால், அந்தத் தாளுக்கு, அந்தத் தொலைவில், ஏழு நிமிடம் வரை அந்த விளக்கை நம்பலாம்.