பூட்டிய அறையில் ஒலித்த சொல்

சென்ற ஆண்டு பங்குத் திருவிழாவை ஒட்டி நம் இளைஞர் சிலர் ஒரு நாடகம் நடத்த விழைந்தனர். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் உடைக்குமாகச் சிறு தொகை வேண்டிப் பங்குப் பேரவையின் முன் வந்து நின்றனர். அப்பொழுது முதியவர் ஒருவர் எழுந்து, "சாமி, நம் தெருவிலேயே மருந்து வாங்க வழியில்லாதவர்கள் இருக்கிறார்கள். நாடகத்துக்குப் பணம் கொடுக்கலாமா?" என்று வினவினார். அவர் கலையை வெறுப்பவர் அல்லர். கைப்பொருளை இறுகப் பிடிப்பவரும் அல்லர். வின்சென்ட் தே பவுல் சபையில் முப்பது ஆண்டுகளாக ஏழையர் வீடுகளுக்கு நடந்தே சென்று வருபவர். ஆகவே அவ்வினாவை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. முடிவு சொல்ல ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டோம்.

குருமடத்தில் பயின்ற பாடம் ஒன்று அன்றிரவு நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியின் ஒரு பகுதிக்கு விடை கண்டார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டுவதுபோல் உள்ளத்துக்கும் ஓய்வு வேண்டும். அதனை அளிக்கும் கூத்துத் தொழில், அளவும் முறையும் பிறழாதவரை, தன்னளவில் பாவமன்று என்பது அவர் தீர்ப்பு. ஆயினும் இந்த நியாயம் நம் முதியவருக்குப் போதாது. அடுத்த வீட்டில் ஒருவன் சாகக் கிடக்கையில் நம் இளைப்பாறுதல் காத்திருக்கலாமே! ஆகவே, நம் ஊரைவிடக் கொடிய துன்பம் சூழ்ந்திருந்த ஓரிடத்தில் இக்கேள்வியை வைத்துப் பார்க்க விரும்பினோம்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. நாசி ஆளுநர் ஹான்ஸ் பிராங்க், கிராக்கோவ் நகரின் வாவெல் அரண்மனையில் அமர்ந்து ஆட்சி செய்தார். அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள், விரிவுரை ஒன்றைக் கேட்க வருமாறு அழைக்கப்பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர் 180க்கும் மேற்பட்டோர் அங்கேயே சிறைபிடிக்கப்பட்டனர். பின்னர் அவர்களுள் பெரும்பாலோர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். உயர்கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. போலந்து நாட்டின் உயர்ந்த நாடகங்களுக்கு மேடை மறுக்கப்பட்டது. ஒரு மக்களினத்தைக் கைகளும் முதுகும் மட்டுமே உள்ள வேலைக்கூட்டமாக ஆக்குவதே ஆள்வோரின் நோக்கம்.

இத்தகைய நகரில்தான் 1941 ஆகஸ்டு 22ஆம் நாள் ஒரு சிறு நாடகக் குழு பிறந்தது. வாடோவிட்சே என்னும் சிற்றூரிலிருந்து மனைவியோடு வந்து சேர்ந்த ஆசிரியர் மியெச்சிஸ்வாவ் கோட்லார்சிக் அதன் தலைவர். பிழைப்புக்காக அவர் டிராம் வண்டியில் வேலை செய்தார். அவரோடு நால்வர் சேர்ந்தனர்: கிறிஸ்டினா டெம்போவ்ஸ்கா, ஹலினா குருலிக்கியெவிச், பதினெட்டே வயதான டனுட்டா மிகவோவ்ஸ்கா, கல்லுடைக்கும் தொழிலாளியாயிருந்த கரோல் வொய்திவா. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆகி, 2014இல் புனிதராக உயர்த்தப்பெற்றவர் அவரே. அன்றோ அவர் அவ்வாண்டு பிப்ரவரியில் தந்தையையும் இழந்து, உடன்பிறந்தார் எவருமின்றித் தனித்து நின்ற இருபத்தோரு வயது இளைஞர். தமது நிலவறை வீட்டிலேயே கோட்லார்சிக் தம்பதியருக்கு இடம் கொடுத்தார். அவ்வீட்டை நண்பர்கள் 'கட்டக்கோம்பு' என்று அழைத்தனர். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளை நினைந்து இட்ட பெயர் அது.

ராப்சோடி அரங்கு என்பது குழுவின் பெயர். பழங்காலக் கிரேக்கத்தில் ஊர் ஊராய்ச் சென்று காப்பியங்களைச் சொல்லிய புலவர்களை அப்பெயர் நினைவூட்டும். அவர்களிடம் மேடையில்லை, திரையில்லை, ஒப்பனைக்கு வழியில்லை. இல்லாமையையே கோட்லார்சிக் கலையாக்கினார். நடிப்பைவிடச் சொல்லே முதன்மை பெற்றது; ஒவ்வோர் எழுத்தும் திருத்தமாக, உண்மையாக ஒலிக்க வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். பகலெல்லாம் கற்குழியிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்கள் மாலையில் ஒத்திகைக்கு நடந்து வந்தனர். 1941 நவம்பர் 1ஆம் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, ஸ்வோவாட்ஸ்கியின் காப்பியம் முதன்முதலாக அரங்கேறியது. போர்க்காலத்தில் அவர்கள் உருவாக்கியவை ஏழு நாடகங்கள். நடத்திய நிகழ்ச்சிகள் 22. ஒத்திகைகளோ நூற்றுக்கும் மேல்.

இருபத்திரண்டு நிகழ்ச்சிகளும் தனியார் வீடுகளில் நடந்தன. இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பிடிபட்டால் நடிப்பவருக்கு மட்டுமா தண்டனை? வரவேற்பறையைத் திறந்துவிட்டவர், நாற்காலி தேடி வைத்தவர், சன்னலை மூடித் தெருவைக் கவனித்தவர், ஒருவர் ஒருவராக வந்து அமர்ந்து கேட்டவர் ஆகிய அனைவருக்கும் வதைமுகாம் அல்லது சாவு காத்திருந்தது. நடிப்பவனுக்கு அவன் கலை தரும் மகிழ்ச்சியேனும் உண்டு. கதவைத் திறந்தவருக்குக் கைதட்டலும் இல்லை. வரலாற்றில் இடமும் பெரும்பாலும் இல்லை. நாடகம் என்பது நடிகரின் துணிவால் மட்டும் நடப்பதன்று என்பதை இவர்களால் அறிகிறோம்.

1942இல் மிட்ஸ்கியேவிச்சின் 'பான் ததேயுஷ்' காப்பியம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இளமையில் செருக்கால் கொலை புரிந்தவன், துறவு பூண்டு, பெயர் மறைத்துத் தொண்டாற்றி, சாகும் தறுவாயில் தன் குற்றத்தை அறிக்கையிடும் கட்டம். அத்துறவி ராபாக்கின் சொற்களை வொய்திவா சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வேளையில் தெருவிலிருந்த ஒலிபெருக்கிகள் ஜெர்மானியப் படையின் வெற்றிச் செய்தியை முழங்கத் தொடங்கின. அவர் நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. வெளியே வெற்றி முழங்க, உள்ளே ஒரு கொலைகாரனின் மனமாற்றம் அமைதியாகச் சொல்லப்பட்டது. பகைவனை வெறுக்கத் தூண்டும் சொல்லையா அவர்கள் அந்நாளில் காத்தார்கள்? பாவத்தையும் மன்னிப்பையும் பேசும் சொல்லையன்றோ!

ஆயினும் நம் முதியவரின் வினா இன்னும் நம்மை விடவில்லை. 1943 மார்ச்சில் வொய்திவா அக்குழுவோடு கடைசியாக நடித்தார். அதே மாதம் 13, 14 நாள்களில் அந்நகரின் யூதச் சேரி அழிக்கப்பட்டது. வேலைக்கு ஆகுபவர் என்று கருதப்பட்டோர் பிளாஷோவ் முகாமுக்குத் துரத்தப்பட்டனர்; எஞ்சியோருள் பலர் தெருவிலேயே கொல்லப்பட்டனர்; மற்றவர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். விஸ்துலா ஆற்றின் அதே கரையில், அந்நிலவறை வீட்டுக்கு வெகு தொலைவில்லாத இடத்தில் இது நடந்தது. அங்கே அந்த ஓலம். இங்கே மூடிய அறையில் கவிதை. இந்த முரணை மழுப்பி எழுதினால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம். நாடகம் அச்சேரியில் ஓர் உயிரையேனும் காத்தது என்று நாம் சொல்ல முடியாது.

அச்சேரிக்குள் மருந்துக்கடை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் ததேயுஷ் பாங்கியெவிச் யூதர் அல்லர், வெளியேறியிருக்கலாம். அவரோ அங்கேயே தங்கி மருந்தளித்தார், செய்திகளைக் கொண்டு சேர்த்தார், ஒளிந்தோருக்குத் துணை நின்றார். 1983இல் இஸ்ரயேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரை 'நாடுகளிடை நீதிமான்' எனப் போற்றியது. மருந்தா, நாடகமா என்று கேட்டால், அந்நாளில் அந்தத் தெருவில் மருந்தே முதலில் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதே பாங்கியெவிச், போர் முடிந்தபின், 1947இல், தாம் கண்டவற்றையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். மருந்து தந்த கையே பேனாவையும் எடுத்தது. ஏன்? இறந்தோருக்கு இனி மருந்தால் பயனில்லை. அவர்கள் மனிதராக வாழ்ந்தனர் என்று சொல்லச் சொல் ஒன்றே எஞ்சியிருந்தது.

இவ்விடத்தில் நமக்கு ஓரளவு தெளிவு பிறந்தது. மருந்தும் சொல்லும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. மருந்து கொடுக்காமைக்கு நாடகத்தைச் சாக்காகச் சொல்பவன் பாவம் செய்கிறான். சொல்லே வேண்டாம், சோறும் மருந்தும் போதும் என்பவனோ, ஆள்வோர் அந்நகர மக்களைப் பற்றி எண்ணியதையே தன்னை அறியாமல் ஏழையைப் பற்றி எண்ணிவிடுகிறான். ஏழைக்கு வயிறு மட்டுமா உண்டு? வாக்கு மனுவுருவானார் என்று அறிக்கையிடும் நாம், உடலையும் சொல்லையும் எவ்வாறு பிரிக்க முடியும்?

கோட்லார்சிக்கின் பிற்கால வாழ்வு நம் நெஞ்சை உருக்குவது. 1942இன் இலையுதிர் காலத்தில் வொய்திவா மறைவான குருமடத்தில் சேர்ந்தபோது, அவர் மனத்தை மாற்ற ஆசிரியர் அரும்பாடு பட்டார்; மாற்ற இயலவில்லை. போருக்குப் பின் அரங்கு வெளிப்படையாக இயங்கியது. 1953இல் கம்யூனிச அரசு அதனை மூடியது. 1957இல் மீண்டும் திறந்தது. 1967இல் நிலையாக மூடப்பட்டது. வாழும் சொல்லின் கலை பற்றி அவர் எழுதிய நூல் 1975இல் உரோமையில் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் கர்தினால் வொய்திவா. 1978 பிப்ரவரியில் கோட்லார்சிக் இறந்தார். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள், அவரிடம் சொல்லைப் பழகிய மாணவர் புனித பேதுரு பேராலய முகப்பில் நின்று உலகுக்குப் பேசினார். ஆசிரியர் அதைக் கேட்கவில்லை.

மாணவர் திருத்தந்தையானதால்தான் அவ்வாழ்வு பயனுற்றது என்று கூற நாம் துணியோம். அவ்வாறு கூறினால், மற்ற மூவரும், கதவைத் திறந்த பெயரறியாதோரும் வீணே துணிந்தனர் என்றாகிவிடும். அன்றிரவு அறையில் இருந்தோர் தாம் அடிமைகள் அல்லர் என்று ஒரு மணி நேரம் உணர்ந்தனர். பயன் அப்பொழுதே நிறைவேறிவிட்டது. பின்னர் வந்ததெல்லாம் இறைவனின் கொடை.

அடுத்த கிழமை பேரவை கூடியது. ஏழையர் மருந்து நிதியைத் தொடுவதில்லை என்று முதலில் முடிவாயிற்று. இளைஞர்களும் வாடகை மேடையை விட்டுவிட்டனர். பள்ளி வராந்தாவும் வீட்டில் உள்ள வேட்டி சேலையும் போதும் என்றனர். ஒத்திகைக்குத்தான் இடமில்லை. முதியவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கலையும்போது இளைஞருள் ஒருவனை அழைத்து, "மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணை சும்மாதான் கிடக்கிறது, தம்பி, வந்து பேசிப் பாருங்கள்" என்றார்.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படிச் சும்மா கிடக்கும் திண்ணை உண்டு? எண்ணிப் பார்ப்போம்.